பையன் காலேஜ் பேஸ்பால் கோச் ஆகணும்ங்கறான், அனுப்பலாமா?

டல்லாஸ் பக்கத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பையன் இங்கயே பிறந்து வளர்ந்தவன், ஒரு டிவிஷன் 3 (காலேஜ் விளையாட்டுல பெரும்பாலும் சின்ன காலேஜுங்க ஆடற மூணாம் பிரிவு) காலேஜ்ல கேட்சரா (பிச்சர் எறியற பந்தை எதிர்ல உக்காந்து புடிக்கறவன்) ஆடறான், எகனாமிக்ஸ் கடைசி வருஷம், வர்ற மே மாசம் டிகிரி கைக்கு வந்துரும். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி நல்ல சம்பளத்துல வேலை குடுத்திருக்கு. அவனோ பென்சில்வேனியால ஒரு சின்ன காலேஜுக்கு பேஸ்பால் அசிஸ்டன்ட் கோச்சா போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான். வருஷத்துக்கு 9,000 டாலர், டார்ம்ல ஒரு ரூம், சாப்பாடு, அவ்ளோதான். "இதெல்லாம் ஒரு வேலையா? இதுல மேல போக வழி இருக்கா, இல்ல முப்பது வயசுல கையில ஒண்ணும் இல்லாம வந்து நிப்பானா? எத்தனை வருஷம் பொறுத்துப் பாக்கறது? அவங்கப்பா அவன்கிட்ட பேசறதையே நிறுத்திட்டார்"னு கேட்டிருக்காங்க.

வணக்கம் அக்கா. நான் காலேஜ் அத்லெடிக்ஸ் டிபார்ட்மென்ட்ல வேலை பாக்கறவன், கோச்சுங்களை வேலைக்கு எடுக்கற கமிட்டில உக்காந்தவன், அதனால நேரா பதிலுக்கே வந்துடறேன். அனுப்பலாம். ஆனா அந்த 9,000 டாலரை வச்சோ டிவிஷன் 3ங்கறதை வச்சோ முடிவெடுக்காதீங்க. அந்த ஹெட் கோச் யாரு, தம்பிகிட்ட என்ன வேலைய ஒப்படைக்கப் போறார், அதை வச்சு எடுங்க. முதல் வேலைல சம்பளம் எல்லாருக்குமே மோசம்தான். பத்து வருஷம் கழிச்சு ஒருத்தன் எங்க இருக்கான்னு பாத்தா அது பெரும்பாலும் அவன் ஆரம்பத்துல யார்கிட்ட வேலை கத்துக்கிட்டான்ங்கறதுல போய் முடியும்.

நீங்க இதை வேலையான்னு கேக்கறதுல தப்பே இல்ல, ஏன்னா ரொம்ப வருஷமா இந்த நாடே இதை வேலையா மதிக்கல. டிவிஷன் 1ல, அதாவது டிவில வர்ற பெரிய யுனிவர்சிட்டிகள்ல, ஒரு பேஸ்பால் டீமுக்கு ஹெட் கோச், சம்பளம் வாங்கற ரெண்டு அசிஸ்டன்ட், அதுக்கு மேல ஒரு வாலன்டியர் அசிஸ்டன்ட்னு காலேஜ் விளையாட்டை நடத்தற சங்கமான என்.சி.ஏ.ஏ ரூல் வச்சிருந்துச்சு. வாலன்டியர்னா காலேஜ் ஒரு பைசா சம்பளம் குடுக்கக் கூடாது. காலைல ஆறு மணிக்கு வந்து ராத்திரி லைட் அணைக்கற வரைக்கும் மத்தவங்க மாதிரியே வேலை பாத்துட்டு, பள்ளிக்கூடப் பசங்களுக்கு கேம்ப் நடத்தி அதுல வர்ற காசுலதான் அவங்க வாடகையே கட்டினாங்க. மூணாவது அசிஸ்டன்டுக்கும் சம்பளம் குடுக்கலாமான்னு 2019ல ஓட்டுக்கு வந்து தோத்துப்போச்சு. 2022ல வாலன்டியரா இருந்தவங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2023 ஜூலை 1லருந்து அந்த ரூல் போச்சு, பேஸ்பால் கோச்சுங்களுக்கு 4.9 கோடி டாலர் குடுக்கறோம்னு என்.சி.ஏ.ஏ செட்டில்மென்டுக்கு ஒத்துக்கிச்சு. இதை எதுக்கு சொல்றேன்னா, இப்ப பெரிய இடத்துல இருக்கற நிறைய பேர் அந்த சம்பளமில்லாத வழியா வந்தவங்கதான், தம்பி அதைவிட கொஞ்சம் நல்ல காலத்துல உள்ள நுழையறான்.

ஒரு உதாரணம் சொல்றேன், இந்தத் தொழில் எப்படி நகருதுன்னு இதுல நல்லாப் புரியும். எரிக் பேகிச்னு ஒருத்தர் 2002ல கிளெம்சன்ல வாலன்டியர் கோச். அப்போ அங்க அசிஸ்டன்டா இருந்தவர் டிம் கார்பின். கார்பினுக்கு வாண்டர்பில்ட்ல ஹெட் கோச் வேலை கிடைச்சதும் பேகிச்சையும் கூட்டிட்டுப் போயிட்டார். அங்க ஏழு சீசன் அசிஸ்டன்டா இருந்துட்டு மேரிலாண்ட்ல ஹெட் கோச், அப்புறம் மிச்சிகன், 2019ல மிச்சிகனைக் கூட்டிட்டு ஒமாஹால நடக்கற காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் ஃபைனல் வரைக்கும் வந்தார், எதிர்ல யாருன்னா அதே கார்பினோட வாண்டர்பில்ட். ஜெயிச்சது குருதான். இப்ப பேகிச் அதே கிளெம்சனுக்கே ஹெட் கோச். இதுல அவர் வேலைக்கு அப்ளை பண்ணின கதைய விட, கூட வேலை பாத்தவர் இவரைப் பாத்து வச்சிருந்து கையோட கூட்டிட்டுப் போன கதைதான் பெருசு. உங்களுக்கு இன்னும் பொருத்தமா ஒண்ணு இருக்கு. டோனி விட்டெல்லோ மிசூரில ஆடிட்டு அங்கயே அசிஸ்டன்ட் ஆனவர், அப்புறம் டி.சி.யூ (டெக்சாஸ் கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி), அப்புறம் அர்கன்சா, இப்படி பதினஞ்சு வருஷம் போல அசிஸ்டன்டாவே இருந்துட்டுதான் 2017ல டென்னசில ஹெட் கோச் ஆனார், 2024ல சாம்பியன், 2025 அக்டோபர்ல புரொஃபஷனல் டீமான சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கே மேனேஜர், அதாவது தலைமை கோச். புரொஃபஷனல் பேஸ்பால்ல ஒரு நாள்கூட ஆடாம, கோச்சாவும் இல்லாம, காலேஜ்லருந்து நேரா அங்க போன முதல் ஆள் அவர்தான். அவர் காலி பண்ணின டென்னசி நாற்காலில இப்ப உக்காந்திருக்கற ஜாஷ் எலாண்டர், டி.சி.யூ-ல விட்டெல்லோகிட்ட ஆடின கேட்சர்.

கேட்சர்னு வேணும்னேதான் சொன்னேன். அந்த இடத்துல ஆடினவங்க கோச்சிங்குக்கு வர்றது ரொம்ப சகஜம், ஒன்பது பேர்ல மைதானம் முழுசையும் பாத்தபடி உக்காந்திருக்கறவன் அவன் ஒருத்தன்தான், பிச்சர் எப்ப களைச்சுப்போறான், பேட்ஸ்மேன் காலை எங்க வச்சிருக்கான்னு ஒவ்வொரு பந்துக்கும் கவனிச்சு பழகினவன். தம்பிக்கு பேட்டிங் சுமார்னு எழுதியிருக்கீங்க, கோச்சிங்ல அது குறையே இல்ல.

சரி, அந்த சின்ன காலேஜ்ல தம்பி என்னதான் பண்ணுவான்? இதை அவனுமே முழுசா யோசிச்சிருக்க மாட்டான்னு நினைக்கறேன், ஏன்னா ஆடறவனுக்குத் தெரியற கோச் வேலை வேற, நிஜமான வேலை வேற. பிராக்டிஸ்ல ஃபங்கோ பேட்டை எடுத்து தரையில பந்து அடிச்சுக் குடுக்கறது, பிச்சருங்க பழகற இடமான புல்பென்ல அவங்ககூட நிக்கறது, இதெல்லாம் நாள்ல ரெண்டு மூணு மணி நேரம். மீதி நேரம் மழை வந்தா மைதானத்தை மூட டார்ப் இழுக்கறது, இன்ஃபீல்ட் மண்ணை சமன் பண்றது, பிச்சர் நிக்கற மேடான மவுண்ட்ல களிமண் போட்டு இடிக்கறது, யூனிஃபார்ம் துவைக்கறது, பஸ் புக் பண்றது, சில இடத்துல வேனையே ஓட்டறது, ஜிம் திறந்து வைக்கறது, வேற ஒரு கேம் நடந்தா டிக்கெட் கவுண்டர்ல நிக்கறது. இதுல எதையும் கேவலமா நினைக்கறவன் ஒரு வருஷம்கூட தாங்க மாட்டான். நினைக்காதவனைத்தான் ஹெட் கோச்சுங்க ஞாபகம் வச்சுக்கறாங்க.

ஆனா எல்லாத்துக்கும் மேல ரெக்ரூட்டிங்தான் அக்கா, அதாவது ஆட்டக்காரப் பசங்களைத் தேடிப் புடிச்சு காலேஜுக்குக் கொண்டுவர்றது, இந்தத் தொழிலோட உயிரே அதுலதான் இருக்கு. டிவிஷன் 3ல விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் குடுக்கவே கூடாது. அப்போ ஒரு பதினேழு வயசுப் பையனையும் அவன் வீட்டையும் எங்க காலேஜுக்கு வாங்கன்னு சம்மதிக்க வைக்கணும்னா படிப்பு, ஃபைனான்ஷியல் எய்ட், ஹாஸ்டல், அவனுக்கு ஆட வாய்ப்பு கிடைக்குமா இல்லையா, எல்லாத்தையும் பத்திப் பேசத் தெரியணும். சின்ன தனியார் காலேஜுங்களுக்கு இந்த டீம் பசங்க கட்டற ஃபீஸே பெரிய வருமானம், அதனால அங்க அசிஸ்டன்ட் கோச் பாதி நாள் அட்மிஷன் ஆபீசர்தான். கோடைல ஜார்ஜியாவோ ஃப்ளோரிடாவோ எங்க டோர்னமென்ட் நடந்தாலும் வெயில்ல ஹோம் பிளேட்டுக்குப் பின்னாடி பந்து வேகத்தை அளக்கற ரேடார் கன்னோட உக்காந்து ஒரே நாள்ல அஞ்சு ஆட்டம் பாக்கணும், ராத்திரி ரூமுக்கு வந்து இருபது வீட்டுக்குப் போன் போடணும். எங்க கமிட்டில ஒரு இளம் கோச் வந்து உக்காந்தா நான் முதல்ல கேக்கற கேள்வி நீ கொண்டுவந்த பசங்க யார் யாரு, அவங்கள்ல எத்தனை பேர் டிகிரி முடிச்சாங்கங்கறதுதான். இதுக்கு பதில் இருக்கறவனுக்கு வேலை கிடைக்குது, பேட்டிங் தியரி மட்டும் பேசறவன் அடுத்த ரவுண்டுக்கே வர்றதில்ல.

அதனாலதான் தம்பியை அந்த ஹெட் கோச்கிட்ட ரெண்டு விஷயம் நேராக் கேக்கச் சொல்றேன். எனக்குன்னு தனியா ரெக்ரூட்டிங் ஏரியா குடுப்பீங்களா, கேட்சருங்க முழுசா என் பொறுப்பா? ரெண்டாவது, உங்ககிட்ட இதுக்கு முன்னாடி இந்த வேலைல இருந்தவங்க இப்ப எங்க இருக்காங்க? ரெண்டாவதுதான் முக்கியம். முன்னாடி இருந்த மூணு பேர்ல ரெண்டு பேராவது முழுநேர வேலைக்கு நகர்ந்திருந்தா அந்த மனுஷன் தன் ஆளுங்களுக்காக போன் எடுத்துப் பேசறவர்னு அர்த்தம். மூணு பேரும் தொழிலையே விட்டுட்டாங்கன்னா 9,000 இல்ல 30,000 குடுத்தாலும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். முன்னாடி இருந்தவங்க நம்பரைக் கேட்டு வாங்கி தம்பியே பேசட்டும், தயங்காம உண்மைய சொல்லுவாங்க, இந்தத் தொழில்ல அது பழக்கம்தான்.

இன்னொண்ணு நீங்களும் அவங்கப்பாவும் பண்ணலாம், அந்தக் காலேஜோட பண நிலைமையைப் பாருங்க, மாணவர் எண்ணிக்கை குறைஞ்சுட்டே வருதா, டிபார்ட்மென்டுகளை மூடறாங்களான்னு. சும்மா பயமுறுத்தல அக்கா. அலபாமால பர்மிங்ஹாம் சதர்ன் காலேஜ், 1856லருந்து இருந்த காலேஜ், 2024 மே 31ஆம் தேதி மூடிட்டாங்க. அன்னைக்கு அவங்க பேஸ்பால் டீம் ஒஹையோல டிவிஷன் 3 வேர்ல்ட் சீரிஸ்ல இருந்துச்சு. நாட்டிலேயே கடைசி எட்டு டீம்ல ஒண்ணு, திரும்பிப் போக காலேஜ் கிடையாது. அவ்ளோ நல்லா வேலை பாத்த கோச்சுங்களுக்கும் அதே கதிதான். டீம் நல்லா ஆடறதும் காலேஜ் நல்லா இருக்கறதும் ஒண்ணு இல்ல.

இப்ப பணத்துக்கு வருவோம். டிவிஷன் 3, என்.ஏ.ஐ.ஏ (சின்ன காலேஜுங்களோட இன்னொரு சங்கம்), ஜூனியர் காலேஜ் (ரெண்டு வருஷ காலேஜ்), இங்கெல்லாம் ஆரம்ப அசிஸ்டன்டுக்கு சில ஆயிரம் டாலர்தான், அதுல பாதிப் பேர் பக்கத்துல பேட்டிங் லெசன் எடுத்தோ ஸ்கூல்ல சப்ஸ்டிட்யூட் டீச்சரா போயோ சமாளிக்கறாங்க. கொஞ்சம் மேல போனா இன்சூரன்ஸோட முழுநேர வேலை, ஒரு ஸ்கூல் டீச்சர் சம்பளம் மாதிரி. பெரிய கான்ஃபரன்ஸ்ல (யுனிவர்சிட்டிங்க சேர்ந்து ஆடற குழு), முக்கியமா தெற்குப் பக்கத்து எஸ்.இ.சி-ல, கதையே வேற. வெஸ் ஜான்சன்னு ஒரு பிச்சிங் கோச், அர்கன்சால ஹைஸ்கூல் கோச்சா ஆரம்பிச்சவர், மேல வந்து வந்து உச்சகட்ட புரொஃபஷனல் லீகான மேஜர் லீக்ல மினசோட்டா ட்வின்ஸுக்கே பிச்சிங் கோச் ஆனார், அங்கருந்து 2022 ஜூன்ல சீசன் நடுவுலயே கிளம்பி எல்.எஸ்.யூ-க்கு (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) அசிஸ்டன்டா வந்துட்டார். ட்வின்ஸ் அப்போ மேஜர் லீக்ல அவங்க பிரிவுல முதல் இடத்துல இருந்துச்சு. மேஜர் லீக் வேலைய விட்டுட்டு காலேஜ் அசிஸ்டன்ட் வேலைக்கு வர்ற அளவுக்கு அங்க சம்பளம் ஏறியிருக்கு. அடுத்த வருஷமே எல்.எஸ்.யூ சாம்பியன், அவர்கிட்ட பந்து போட்ட பால் ஸ்கீன்ஸ் மேஜர் லீக் டீம்கள் புது ஆள் எடுக்கற டிராஃப்ட்ல நம்பர் ஒண்ணு, இவர் ஜார்ஜியாக்கு ஹெட் கோச். ஆனா இதைப் பாத்து கணக்குப் போடாதீங்க. டிவிஷன் 1ல பேஸ்பால் ஆடற யுனிவர்சிட்டியே சுமார் 300தான், அந்த மாதிரி சம்பளம் குடுக்கறது அதுலயும் கொஞ்சம். தம்பி எங்கயாவது முழுநேர அசிஸ்டன்டா, மரியாதையான சம்பளத்துல உக்காரறதுதான் நியாயமான எதிர்பார்ப்பு, அதுக்கே அஞ்சாறு வருஷம் ஆகலாம்.

அதுக்குள்ள செலவை எப்படி குறைக்கறதுன்னு பாருங்க. 26 வயசு வரைக்கும் உங்க ஹெல்த் இன்சூரன்ஸ்லயே அவன் இருக்கலாம், அது பெரிய பாரத்தை இறக்கி வச்ச மாதிரி. அடுத்தது மாஸ்டர்ஸ். நிறைய காலேஜுங்க கிராஜுவேட் அசிஸ்டன்ட்னு எடுத்து டியூஷனைத் தள்ளுபடி பண்ணிடுவாங்க, அந்தப் பென்சில்வேனியா காலேஜ்ல மாஸ்டர்ஸ் கோர்ஸ் இருந்தா சம்பளத்தைக் கூட்டுங்கன்னு பேரம் பேசறதை விட படிப்பைக் குடுங்கன்னு கேக்கறது புத்திசாலித்தனம். எகனாமிக்ஸ் படிச்ச பையன், ஸ்டாட்டிஸ்டிக்ஸோ டேட்டா அனலிடிக்ஸோ எடுத்தா ரெண்டு பக்கமும் கதவு திறக்கும். இப்ப புல்பென்ல டிராக்மேன், ராப்சோடோ மாதிரி மெஷின் பந்து எத்தனை தடவை சுத்துது, எவ்வளவு வளையுதுன்னு சொல்லிடுது, ஆனா அதை ஒரு பத்தொம்பது வயசு பிச்சருக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்ல ஆள் கம்மி. அது தெரிஞ்ச கேட்சர் கோச்னா இளம் வயசுலயே கவனிப்பாங்க. கோச்சிங் சரிவரலன்னாலும் மேஜர் லீக் டீம்கள்ல, டிரெயினிங் சென்டர்கள்ல, சாதாரண கம்பெனிகள்லயும் அந்தப் படிப்பு செல்லும்.

ரூல்ஸ் வேற தினமும் மாறிட்டு இருக்கு. ஆட்டக்காரங்களுக்குக் காலேஜ் பணம் குடுக்கறது பத்தி 2025 ஜூன்ல கோர்ட் ஒத்துக்கிட்ட ஹவுஸ் செட்டில்மென்டுக்கு அப்புறம், அதுல சேர்ந்த டிவிஷன் 1 டீமுக்கு 34 பேர்தான், முன்னாடி 11.7 ஸ்காலர்ஷிப்பைத்தான் டீமுக்குள்ள பிரிச்சுக் குடுத்துட்டு இருந்தாங்க, இப்ப காசு இருக்கற காலேஜ் அத்தனை பேருக்கும் குடுக்கலாம். காலேஜ் மாற நினைக்கறவங்க பேர் குடுக்கற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு ஒண்ணு வந்து பசங்க வருஷாவருஷம் இடம் மாறறாங்க. மேல இடம் கிடைக்காத நல்ல பசங்க கீழ வர்றாங்க, அதனால டிவிஷன் 3ல ரெக்ரூட்டிங் பண்றவனுக்கும் இப்ப நல்ல ஆட்டக்காரன் மாட்டறான். நான் இதை தம்பிக்கு சாதகமாத்தான் பாக்கறேன்.

வேலை மாறறது எப்படின்னா, எல்லாம் ஜூன் மாசத்துலதான். சீசன் முடிஞ்சதும் எங்கயோ ஒரு பெரிய ஹெட் கோச்சை நீக்குவாங்க, அந்த இடத்துக்கு ஒருத்தர் போவார், அவர் ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போவார், அவங்க விட்ட இடம் காலியாகும், இப்படியே கீழ டிவிஷன் 3 வரைக்கும் வந்து சேரும். இதே ஓட்டத்துல ஹெட் கோச் போனா அசிஸ்டன்ட் வேலையும் போகும், கான்ட்ராக்ட் பெரும்பாலும் ஒரு வருஷம்தான், இதை இப்பவே மனசுல வச்சுக்கோங்க. ஜனவரில ஏ.பி.சி.ஏ-ன்னு கோச்சுங்க சங்கத்தோட மாநாடு நடக்கும், ஆயிரக்கணக்குல கோச்சுங்க வருவாங்க, தம்பி முதல் வருஷமே கைக்காசு போட்டாவது போகணும். முதல் கோடைல ரெக்ரூட்டிங் பயணத்துக்கு அனுப்பலன்னா நார்த்வுட்ஸ் லீக் மாதிரி சம்மர் லீக்ல அசிஸ்டன்டா சேரட்டும், ரெண்டு மாசம் கிட்டத்தட்ட தினமும் ஆட்டம், வேற வேற யுனிவர்சிட்டிப் பசங்க, அவங்க கோச்சுங்க அத்தனை பேர்கிட்டயும் பேச ஒரு காரணம் கிடைக்கும்.

எத்தனை வருஷம்னு கேட்டீங்க. மூணு சீசன்னு வைங்க. முதல் சீசன்ல கத்துக்கட்டும். ரெண்டாவது முடியும்போது அவன் பேர் சொல்லி கொண்டுவந்த பசங்க அந்த டீம்ல ஆடிட்டு இருக்கணும், வேற காலேஜ் கோச் ஒருத்தராவது அவனைக் கூப்பிட்டு வர்றியான்னு கேட்டிருக்கணும், போகாட்டியும் பரவால்ல. மூணாவது ஜூன் முடியறப்ப முழுநேர வேலையோ பெரிய இடத்துல கிராஜுவேட் அசிஸ்டன்ட் இடமோ வரல, யாரும் கூப்பிடவும் இல்லன்னா, நீங்க சொல்லாமலே அவனுக்குத் தெரிஞ்சிரும். அப்போ அவனுக்கு 25 வயசு, கையில டிகிரி, முடிஞ்சா மாஸ்டர்ஸும் இருக்கும். முப்பது வயசு பயம் இந்தக் கணக்குல வரவே வராது. ஹைஸ்கூல்ல டீச்சர் வேலையோட கோச்சா இருக்கறவங்க டெக்சாஸ்ல எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும், அதுவும் நல்ல வாழ்க்கைதான்.

அவங்கப்பா விஷயத்துல ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். அவர் கோவம் பணத்தைப் பத்தின பயம்னுதான் எனக்குப் படுது, சொந்தக்காரங்க யாராவது பையன் என்ன பண்றான்னு கேட்டா என்ன சொல்றதுங்கறதும் அதுல இருக்கும். பதிமூணு பதினாலு வருஷம் வார இறுதில டோர்னமென்டுக்கு வண்டி ஓட்டிட்டுப் போன மனுஷன் அவரும்தானே. முடிஞ்சா அந்தக் காலேஜுக்கு தம்பிகூட அவரையே அனுப்புங்க, நீங்க போக வேண்டாம். மைதானத்தைப் பாக்கட்டும், ஹெட் கோச்கிட்ட அவரே உக்காந்து பேசட்டும். பெத்தவங்ககிட்ட எப்படிப் பேசறார்ங்கறது ஒரு கோச்சோட தொழில்ல பாதி, அதை உங்க வீட்டுக்காரர் அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிடுவார். அவர் வேண்டாம்னு சொன்னா என்ன காரணம்னு எனக்கு எழுதுங்க, அதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன்.

அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனி ஆஃபரை இன்னைக்கே மறுத்துட வேண்டாம், ஆனா இழுத்தடிக்கவும் வேண்டாம், பதில் சொல்ல எப்ப வரைக்கும் டைம்னு கேட்டு அதுக்குள்ள இந்தப் பயணத்தை முடிச்சுடுங்க. கோச் வேலைக்கு சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ரூம், சாப்பாடு கோடை விடுமுறையிலயும் உண்டா, ரெக்ரூட்டிங்குக்கு சொந்தக் கார் ஓட்டினா பெட்ரோல் காசு யார் குடுப்பாங்க, கேம்ப் வருமானத்துல பங்கு எவ்வளவு, இந்த மூணையும் எழுத்துல வாங்கச் சொல்லுங்க. டார்ம் மே மாசத்தோட மூடிட்டாங்கன்னா ஜூன், ஜூலை வாடகை அந்த 9,000லருந்துதான் போகணும்.